பிடுங்காத பல்

எங்கள் இரண்டு பேருக்கும் பதினோரு வருஷமாகச் சோறு போடுகிறவன் ஒரு எத்தன். பெயர் தித்திப்பு. பேச்சு அப்படி இனிக்கும் என்பதால் அந்தப் பெயர். நிஜ ஆள் இல்லை. வாராவாரம் பத்தொன்பது பக்கம் கறுப்பு வெள்ளையில் வருகிற மாங்கா, அதாவது ஜப்பான் பாணிப் படக்கதை, அந்தத் தொடரின் நாயகன். என் தம்பி கதையை யோசித்து ஆட்களை வரைகிறான். ஆட்களைத் தவிர மற்றதெல்லாம் என் பாடு: கட்டடம், படிக்கட்டு, நாற்காலி, ஜன்னல் கம்பி, ரசீது, முத்திரை, சுவரில் ஒட்டிய நோட்டீஸ். தித்திப்பு சாய்ந்து நிற்கிற சுவர் என்னுடையது. சிரிப்பு மட்டும் தம்பியுடையது.

சொந்தக்காரர்களிடம் "மாங்கா போடறோம்" என்று சொன்னால், "இந்த வருஷம் காய்ப்பு எப்படி?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆரம்பத்தில் உட்காரவைத்து விளக்கினேன். இப்போதெல்லாம் "நல்ல காய்ப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஐம்பத்துநாலு வயதில் ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கத் தெம்பில்லை.

சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் வேலை, ஒன்றில் மற்றதெல்லாம். கீழே இஸ்திரி ஓடினால் மேலே தரை சுடும், காகிதம் ஓரம் சுருளும். வாரத்துக்கு ஒரு கெடு. செவ்வாய்க்கிழமை பக்கங்கள் போயாக வேண்டும். போனதும் அடுத்த செவ்வாய் வந்து வாசலில் நிற்கும். ஒரு வேலை முடிந்தது என்று மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

தம்பிக்கு ஒரு கொள்கை உண்டு. தித்திப்பு செய்கிற ஏமாற்று வேலையைப் படித்துவிட்டு ஒருத்தன் வெளியே போய் அதையே செய்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு வேலையிலும் ஒரே ஒரு படியை வேண்டுமென்றே தப்பாகப் போடுவான், இல்லையென்றால் விட்டுவிடுவான். படிக்கிறவருக்கு அது உறுத்தாது. செய்து பார்க்கிறவன் மாட்டிக்கொள்வான். இதற்கு எங்களுக்குள் பெயர் 'பல்லைப் பிடுங்குறது'. பல்லுப் பிடுங்கின பாம்பை யார் வேண்டுமானாலும் கைதட்டிப் பார்க்கலாம் என்பான். எந்தப் பல் என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் எனக்குப் பென்சிலில் எழுதிவைப்பான். 'கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை, போட்டுடாதே.' 'பூட்டு தலைகீழா இருக்கு, அப்படியே விடு.' நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விடுவேன். சரியாக வரையப் பழகின கைக்குத் தப்பாக வரைவது எத்தனை கஷ்டம் என்பது வரைகிறவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் தொகுதி வந்தபோது ஒரு பேட்டியில் இதைப் பெருமையாகச் சொல்லியும்விட்டான். 'என் புத்தகத்தில் இருக்கிற எதையும் வெளியில் செய்ய முடியாது. அதற்கு நான் உத்தரவாதம்.' பதிப்பகத்துக்காரர்களுக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுதியின் பின்னட்டையிலும் அவன் படத்துக்குக் கீழே அந்த வரி அச்சாகிறது. வாசகர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. திருடனை ரசிக்கிற குறுகுறுப்பு கொஞ்சம் குறையும் இல்லையா.

போன வருஷம் எனக்கும் தம்பிக்கும் ஒரு சண்டை. சொன்னால் சிரிப்பீர்கள். நான் கண்ணாடி மாற்றப் போயிருந்த நேரத்தில், ஜன்னலோரம் இருந்த என் மேஜையை இவன் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புது ஸ்கேனரை வைத்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வெளிச்சம் ஸ்கேனருக்கு எதுக்குடா?" என்று கேட்டேன். "ஒயர் அங்கதான்க்கா எட்டுது" என்றான். அவ்வளவுதான். எட்டு நாள் பேசவில்லை. ஒரே அறையில் முதுகும் முதுகுமாக உட்கார்ந்துகொண்டு மஞ்சள் ஒட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டோம். 'டீ இருக்கு.' 'தெரியும்.' இரண்டு பேர் வயதையும் கூட்டினால் நூறு.

அந்த எட்டு நாளில்தான் ஆஸ்பத்திரிக் கதை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் நடைபாதையில் தித்திப்பு ஒரு கோப்போடு நிற்கிறான். வரிசையில் நின்று அலுத்தவர்களிடம் போய், 'உங்க பேரை அவசரப் பட்டியல்ல சேர்த்துட்டேன்' என்று போலி டோக்கன் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு, அஞ்சு நாள் கழித்து வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறான். பக்கங்கள் என் மேஜைக்கு வந்தபோது ஓரத்தில் குறிப்பு ஒன்றுமில்லை. மேலே ஒட்டின சீட்டில் 'பல் பிடுங்கியாச்சு' என்று மட்டும் இருந்தது. எந்தப் பல் என்று எழுத அவனுக்கு ரோஷம். கேட்க எனக்கு ரோஷம்.

அவன் பென்சிலில் போட்டிருந்த டோக்கன் வெறும் துண்டுச் சீட்டு. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எழுபத்துமூன்று நாள் இருந்துதான் போனார். எழுபத்துமூன்று காலையும் அன்றைய பரிசோதனைக்குக் கவுண்டரில் நின்று டோக்கன் வாங்கினவள் நான். டோக்கனுக்கு அடிக்கட்டை உண்டு. நடுவில் புள்ளிப் புள்ளியாகத் துளை. முத்திரை பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். உள்ளே கூப்பிடும்போது கிழித்து அடிக்கட்டையை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கிழிக்கிற சத்தம் கேட்டால்தான் நமக்கு உயிர் வரும், அப்பாடா, நம் முறை வந்தது என்று. தம்பிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மூன்று தரம் வந்தான். மூன்று தரமும் பார்வையாளர் நேரத்தில்.

ஒரு விநாடி தோன்றத்தான் செய்தது, இதுதான் அவன் பிடுங்கின பல்லோ என்று. தோன்றவே இல்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். போடா என்று திரும்பி உட்கார்ந்து வரைந்தேன். அடிக்கட்டை, துளைகள், இரண்டாகப் பிரிகிற முத்திரை, 'உடன் வருபவர் பெயர்' என்கிற கட்டம் எல்லாம். தித்திப்பு கையிலேயே கிழிக்கிற மாதிரி துளைகளில் பாதியைப் பிரித்தும் விட்டேன். ஒன்று மட்டும் இடம் மாறியது. 'உடன் வருபவர்' கட்டம் நிஜச் சீட்டில் இடப்பக்கம் இருக்கும். என் பக்கத்தில் அங்கே தித்திப்பின் வசனம் எழுதின பேச்சுக் குமிழ் உட்கார்ந்திருந்ததால் கட்டத்தை வலப்பக்கம் தள்ளினேன். குமிழை நகர்த்த வேண்டுமானால் அவனிடம் பேச வேண்டுமே.

ஒன்பதாம் நாள் சமாதானமாகிவிட்டோம். மேஜை ஜன்னலுக்கு வந்தது, நீளமான ஒயர் வாங்கினான். பக்கங்கள் அதற்குள் அச்சுக்குப் போய்விட்டன. அச்சான பக்கத்தை அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான், தப்புத்தான் கண்ணில் படும் என்று. எனக்குத் தலைக்கு மேல் வேலை. மறந்தேபோனேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மதியம் ஒரு பெண்மணி படியேறி வந்தார். நாற்பத்தைந்து இருக்கும். முழங்கை வரைக்கும் மாவு. கழுவக்கூட நேரமில்லாமல் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் எங்கள் தொடரின் தொகுதி ஒன்று. அதற்குள் மடித்துவைத்த ஒரு ஜெராக்ஸ் தாள்.

"இந்தப் புத்தகம் போடறவங்க நீங்கதானே?" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரில டோக்கன் கவுண்டர்ல இருக்கார், இப்ப கண் பிரிவுல. பத்தொம்பது வருஷம். இப்ப மூணு வாரமா வேலைக்கு வர வேண்டாம்னு வீட்டுல உக்கார வெச்சிருக்காங்க. நாளன்னிக்குப் புதன்கிழமை விசாரணை. அன்னிக்கு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு எல்லாரும் பேசிக்கறாங்க."

"என்னம்மா ஆச்சு?" என்றான் தம்பி.

"யாரோ ஒருத்தன் நடைபாதைல நின்னு போலி டோக்கன் குடுத்திருக்கான். பதினாலு பேருக்கு. அவன் ஓடிட்டான். டோக்கன் அப்படியே ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி இருக்கு, அடிக்கட்டையோட. அதுவும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நிறுத்தின பழைய மாதிரி. பழைய டோக்கன் புத்தகம் யார்கிட்ட இருந்திருக்கும்? கவுண்டர்ல இருந்தவர்கிட்டதானே? உள்ள இருந்து இவர்தான் எடுத்துக் குடுத்தார்னு சொல்றாங்க. இவர் 'இது நம்ம புத்தகம் இல்லை, இது நம்ம புத்தகம் இல்லை'ன்னு புலம்பறார். ஏன் இல்லைன்னு கேட்டா சொல்லத் தெரியலை. பழைய புத்தகத்தையெல்லாம் ஆஸ்பத்திரில கழிச்சுக்கட்டிட்டாங்க, ஒப்பிட்டுப் பாக்கவும் ஒண்ணும் இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டார். "பேக்கரில என்கூட வேலை பாக்கறவங்க உங்க புத்தகம் படிப்பாங்க. அவங்கதான் இந்தப் பக்கத்தைக் காட்டினாங்க."

புத்தகத்தையும் ஜெராக்ஸையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போலி டோக்கனில் 'உடன் வருபவர் பெயர்' கட்டம் வலப்பக்கம் இருந்தது. நான் தள்ளிப்போட்ட அதே இடம்.

"அந்தப் பதினாலு பேருக்கு என்ன ஆச்சு?" என்று தம்பி கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பதிமூணு பேருக்கு அலைச்சல்தான். ஒரு பஸ் டிரைவர். ஒரு கண்ணுல திரை விழுந்த மாதிரி இருக்குன்னு வந்திருக்கார். அன்னிக்கே டாக்டர் பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். அஞ்சு நாள் வீட்டுல உக்காந்துட்டார். கண்ணு போயிடுச்சு. பஸ் ஓட்ட முடியாது இனிமே."

தம்பி பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். "பிடுங்க மறந்துட்டேன் போலிருக்கேக்கா," என்றான். "அந்த வாரம் நாம பேசிக்கலை இல்ல? எந்தப் பல்லுன்னு எழுதாம விட்டது ஞாபகம் இருக்கு. எழுதாம விட்டப்ப பிடுங்கவும் மறந்திருக்கேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு. "புதன்கிழமை நாங்க வரோம்மா. என் வீட்டுக்காரரோட பழைய டோக்கன் ஒண்ணு என்கிட்ட இருக்கு. இந்தப் போலி எங்க புத்தகத்தைப் பாத்துச் செஞ்சதுன்னு காட்ட முடியும்." அந்த அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்து, மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நல்லவள் மாதிரி நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பத்திரிகை ஆசிரியரிடம் தம்பி போனில் விஷயத்தைச் சொன்னான். அவர் குரல் எனக்கே கேட்டது. "உனக்குப் பைத்தியமா? நீயா போய்த் தலையைக் குடுக்கறியா? பின்னட்டைல உத்தரவாதம்னு போட்டிருக்கோம்யா! கதையைப் பாத்து எவனோ செஞ்சா நாம என்ன பண்றது? வாயை மூடிட்டு செவ்வாய்க்கிழமை பக்கத்தை அனுப்பு." தம்பி, "பக்கம் வராது, இனிமே எந்தச் செவ்வாயும் வராது," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பதினோரு வருஷத்துச் சோறு ஒரு வரியில் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஐம்பது தொகுதியையும் அலமாரியிலிருந்து இறக்கினான். அச்சான பக்கத்தைத் திரும்பிப் பார்க்காதவன், தரையில் உட்கார்ந்து முதல் தொகுதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தான். வேறு எங்கேயாவது பல்லைப் பிடுங்க மறந்திருக்கிறோமா என்று. திங்கள் சாயங்காலம் முழுக்க, செவ்வாய் பகல் முழுக்க. "இது சரி," "இதுவும் சரி," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து முடித்ததை அடுக்கிவைத்தேன். 'டேய், விடுடா, அது நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு. சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே நாலு அடிதான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம்தான். ஆஸ்பத்திரிக்குப் பயமில்லை, போலீஸுக்கும் பயமில்லை. இவன் என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயம். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த அறையும் இவனும்தான்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறினோம். என் கைப்பையில் வீட்டுக்காரரின் டோக்கன், நிஜமானது. எழுபத்துமூன்றாம் நாள் காலையில் வாங்கினது. அதில் மட்டும்தான் அடிக்கட்டை கிழியாமல் இருந்தது. கிழிக்கிற வேலை அன்றைக்கு இல்லாமல் போயிற்று.

மூன்றாவது நிறுத்தத்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அடிக்கட்டையைப் போட்டது நான்."

அவனுக்குப் புரியவில்லை. "நீதான் வரைஞ்சே. அது தெரியும்."

"நீ போடலைடா. நீ வெறும் சீட்டுதான் போட்டிருந்தே. நீ பல்லைப் பிடுங்கினே, நான் திருப்பி வெச்சேன்."

என் பக்கம் திரும்பினான். பிறகு, "ரெண்டு நாளா நான் தரையில உக்காந்து புரட்டினப்ப நீ பக்கத்துலதான் இருந்தே," என்றான்.

"இருந்தேன்."

"தொகுதியை எல்லாம் வரிசையா அடுக்கித் தந்தே."

"தந்தேன்டா."

"ஏன்க்கா?" சத்தமாகவே கேட்டான். பஸ்ஸில் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அந்த மேஜையை நகர்த்தினதுக்கா? ஒரு மேஜைக்கா?"

மேஜைக்குத்தான். மேஜைக்கும், மூன்று தரம் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கும், சரியாக வரையத் தெரிந்தும் பதினோரு வருஷம் தப்பாக வரைந்ததற்கும். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து அதையெல்லாம் அடுக்கினால் எவ்வளவு அற்பமாக இருக்கும். தம்பி எழுந்து முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கும்போது மட்டும், படி உயரம் என்பதால், திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாம் மாடியில் ஓர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு டாக்டரம்மா. மூலையில் டோக்கன்காரர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் அறைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒடிசலான மனிதர். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். மனைவி வெளியே கதவோரம் நின்றார்.

தொகுதி, போலி டோக்கன், என் வீட்டுக்காரரின் டோக்கன், மூன்றையும் வரிசையாக வைத்தேன். "இந்தக் கட்டத்தைப் பாருங்க," என்றேன். "நிஜச் சீட்டுல இடப்பக்கம் இருக்கு. போலியில வலப்பக்கம். எங்க புத்தகத்துலயும் வலப்பக்கம். இவர் பழைய புத்தகத்தை எடுத்துக் குடுத்திருந்தா கட்டம் இடம் மாறியிருக்காது."

டாக்டரம்மா மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உங்க புத்தகத்துல மட்டும் ஏன் வலப்பக்கம்?"

"இடப்பக்கம் பேச்சுக் குமிழ் இருந்துச்சு. இடமில்லை, அதனால தள்ளிப் போட்டேன்."

"குமிழா?"

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், குறிப்பில் எழுத வேண்டுமாம். படித்தேன். "'நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.'" அறையில் யாரும் சிரிக்கவில்லை.

டோக்கன்காரர் எழுந்து வந்தார். என் வீட்டுக்காரரின் டோக்கனை இரண்டு விரலால் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இடப்பக்கம்," என்றார். "இடப்பக்கம்தான். இதுதான் எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு, சொல்லத்தான் வரலை. இது நம்ம புத்தகம். இந்த முத்திரை நான் குத்தினது." அதை மேஜையில் திரும்ப வைக்க அவருக்கு மனசே வரவில்லை.

"இதை வரைஞ்சது யார்?" என்று டாக்டரம்மா கேட்டார். தம்பி வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். நேற்று வரைக்கும் நம்பின பொய்யை இன்றைக்கு எனக்காகத் தெரிந்தே சொல்லப்போகிறான். "நான்," என்றேன். "இவன் போடாம விட்டதை நானாத்தான் போட்டேன்." எழுதிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் டோக்கன்காரர் மேல் தப்பில்லை, வெள்ளிக்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவோரம் நின்ற அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்றார். இருந்துவிட்டுப் போகிறேன், வேறென்ன செய்ய.

தம்பியிடம் புத்தகத்தைப் பற்றி எழுதி வாங்க வேண்டும் என்று உள்ளே இருக்கச் சொன்னார்கள். நான் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சின் மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தடித்த கை, தடித்த கழுத்து, காக்கி நிறக் கால்சட்டை.

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காரீங்களா," என்றார். "அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது."

பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் இருந்தன. அவர் நகர்ந்து இடம் விட, எழுந்து அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க," என்றார். "இனிமே வேண்டாம் போலிருக்கு. டோக்கன்காரரை விட்டுட்டாங்களாமே? நல்லது. பாவம், அவரைப் பாத்தாலே தெரியுது." கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தார். "உள்ள இருக்காரே, அவர்தானே தித்திப்பு போடறவர்? பின்னட்டைல படம் பாத்திருக்கேன். எட்டு வருஷமா விடாம படிக்கறேன்மா. பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்துல போட்டுட்டு அடுத்த நடைக்கு இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷம் தித்திப்புக்குத்தான்."

"அந்த ஆஸ்பத்திரிக் கதையும் படிச்சீங்களா?" என்றேன்.

"படிக்காம? அந்த ஆள் என் கண்ணு முன்னாடி டோக்கனைக் கிழிச்சப்ப எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்துச்சு. அதே சீட்டு, அதே மாதிரி கிழிக்கறான். ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிடுச்சு."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"அவர்தான் சொல்லியிருக்காரே, என் புத்தகத்துல இருக்கற எதையும் வெளியில செய்ய முடியாதுன்னு. எட்டு வருஷமாப் படிக்கறேன், அவர் பொய் சொல்ற ஆள் இல்லை. புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு, செய்யவும் முடியுது, அப்ப இது ஏமாத்து வேலையா இருக்க முடியாது, நிஜமாத்தான் இருக்கணும்னு நெனைச்சேன்." அதில் என்ன கணக்கு தப்பு என்று இப்போதும் யோசிக்கிறவர் மாதிரி விரலை மடக்கிப் பார்த்தார். "சந்தேகப்பட்டதுக்கு வெக்கமாக்கூட இருந்துச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்."

நான் தம்பி இருந்த அறைக் கதவைப் பார்த்தேன்.

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லைம்மா. வாராவாரம் எழுதறார், எங்கேயோ கை தவறியிருக்கும். யானைக்கும் அடி சறுக்கும். அவரைப் பாத்தா இதை மட்டும் சொல்லிடணும்னு உக்காந்திருக்கேன். நீங்க அவருக்கு உறவா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். உள்ளே சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, எழுதியாயிற்று, ஒருத்தர் வேலை பிழைத்தது. இவருக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? கை தவறியது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார், தம்பியை மன்னித்துவிட்டு. ஆனால் தப்பே செய்யாதவன் போய் மன்னிப்பை வாங்கிக்கொண்டு வருவதா?

"அக்கா," என்றேன். "அவனுக்கு அக்கா. கை தவறலைங்க. அவன் சரியாத்தான் செஞ்சான், அடிக்கட்டை இல்லாமத்தான் போட்டிருந்தான். அதை வரைஞ்சு சேர்த்தது நான். சேர்க்கக் கூடாதோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தோணியும் வரைஞ்சேன்."

அவர் முகம் முழுசாக என் பக்கம் திரும்பியது. வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண்ணும் பார்க்கிற மாதிரியே இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்தச் சீட்டை நீங்களா வரைஞ்சீங்க?"

"ஆமா."

"அந்தத் துளையெல்லாம்? முத்திரை பாதி பாதியாப் பிரியறது?"

"நான்தான்."

தலையை மெதுவாக ஆட்டினார்.

"ரொம்ப நல்லா வரைஞ்சிருந்தீங்கம்மா," என்றார்.

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. எட்டு வருஷம் படித்த வாசகர், பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறார், அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் நான் வரைந்த ஒன்றைக் குறிப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.